மன்ஸ்டர் இடைநிலை கிளப் ஹர்லிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தின் தென்பகுதியில் வந்து குடியேறும் தமிழ் நண்பர்கள், ஐப்பசி பிறந்ததும் ஒரு காட்சியைப் பார்த்து வியப்பார்கள். ஏதோ ஒரு சிற்றூரில் விளக்குக் கம்பம் விடாமல் ஒரே நிறத்தில் கொடி கட்டியிருக்கும். கடைக் கண்ணாடியில் சிறுவர்கள் வரைந்த வாழ்த்து ஒட்டியிருக்கும். தேர்தலா, திருவிழாவா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை, அந்த ஊர் ஹர்லிங் அணி மன்ஸ்டர் போட்டிக்குப் போகிறது. நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

இது என்ன போட்டி? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அயர்லாந்தில் நான்கு மாகாணங்கள். தெற்கே இருப்பது மன்ஸ்டர். கார்க், கெர்ரி, கிளேர், லிமரிக், டிப்பரரி, வாட்டர்ஃபோர்டு என்ற ஆறு கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) அதற்குள் அடங்கும். ஒவ்வொரு கவுண்டியிலும் ஊர் கிளப்புகளுக்குள் போட்டி நடந்து ஒரு சாம்பியன் வரும். உச்சநிலைக் கிளப்புகளுக்கு ஒன்று (சீனியர்), அடுத்த நிலைக்கு ஒன்று (இன்டர்மீடியட்), கீழ்நிலைக்கு ஒன்று (ஜூனியர்) எனத் தனித்தனிப் போட்டிகள். நடுவிலுள்ள நிலையில் வென்ற ஆறு கிளப்புகள் மாகாணப் பட்டத்துக்காக மோதுவதுதான் இந்த இடைநிலைப் போட்டி. நடத்துவது ஜி.ஏ.ஏ. என்று எல்லோரும் சொல்லும் கெய்லிக் தடகளச் சங்கம். 1884 நவம்பர் 1 அன்று டிப்பரரியின் தர்லஸ் ஊரில், ஹேய்ஸ் ஹோட்டலில் தொடங்கப்பட்ட சங்கம் அது.

ஹர்லிங்கே எனக்குத் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

பக்கத்துக்கு 15 பேர். கையில் ஆஷ் மரத்தில் செய்த, நுனி அகன்ற மட்டை, அதன் பெயர் ஹர்லி. பந்துக்கு ஸ்லிட்டர் என்று பெயர். தோல் போர்த்து விளிம்பில் தையல் புடைத்திருக்கும், எடை 110 முதல் 120 கிராம். மைதானம் கால்பந்து மைதானத்தைவிடப் பெரிது, 130 முதல் 145 மீட்டர் நீளம்.

கோல்கம்பங்கள் ஆங்கில ‘எச்’ எழுத்துபோல நிற்கும். குறுக்குக் கம்பத்துக்கு மேலே பந்து போனால் ஒரு பாயின்ட். கீழே வலைக்குள் போனால் கோல், அதாவது மூன்று பாயின்ட். ஸ்கோரை 2-15 என்று எழுதுவார்கள்: இரண்டு கோல், பதினைந்து பாயின்ட், மொத்தம் 21. முதல் ஆட்டத்தில் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். 1-18 எடுத்த அணியும் 2-15 எடுத்த அணியும் சமம்.

தரையில் கிடக்கும் பந்தைக் கையால் நேராக எடுக்கக் கூடாது. மட்டையால் நெம்பித்தான் கைக்கு ஏற்ற வேண்டும். கையில் பிடித்தபடி நான்கு அடிதான் வைக்கலாம். ஆனால் மட்டையின் நுனியில் பந்தை ஏந்தியபடி எவ்வளவு தூரமும் ஓடலாம். எதிராளிகள் மூன்று பேர் மேலே விழ வருகையில் அந்தச் சிறு பந்து நழுவாமல் ஓடுவதைப் பார்க்க வேண்டும்! கிளப் ஆட்டம் மொத்தம் 60 நிமிடம்.

இவ்வளவு தெரிந்தால் போதும். மற்றதைப் பக்கத்தில் நிற்கும் பெரியவர் கேட்காமலே சொல்லித் தருவார்.

‘இடைநிலை’ என்றால் சுமாரான அணிகளா?

அந்தச் சொல்லைக் கேட்டு ஏமாறாதீர்கள். ஆறு கவுண்டிகளும் ஒரே அளவில் படி கட்டவில்லை. கார்க்கில் கிளப்புகள் ஏராளம், அதனால் படிகளும் அதிகம். பிரீமியர் சீனியர், சீனியர் ஏ, அதன்பின் மூன்றாவதாகப் பிரீமியர் இன்டர்மீடியட், அதற்கும் கீழே இன்னும் சில. அந்த மூன்றாம் படியில் வென்ற கிளப்தான் கார்க் சார்பாக இங்கே வருகிறது. லிமரிக்கிலும் டிப்பரரியிலும் பிரீமியர் இன்டர்மீடியட் என்பது இரண்டாம் படி. கெர்ரியிலிருந்து வருவதோ அந்தக் கவுண்டியின் முதல்நிலைச் சாம்பியன்.

பெயரில்தான் இடைநிலை. ஒரு கவுண்டியின் மூன்றாம் படியும் இன்னொரு கவுண்டியின் உச்சிப் படியும் ஒரே களத்தில் சந்திக்கின்றன. இந்தப் போட்டியின் சுவையே அதில்தான் இருக்கிறது.

கெர்ரி முதல்நிலைச் சாம்பியனை இடைநிலையில் ஆடவிடுவது நியாயமா?

அடிக்கடி கேட்கிறார்கள், கொஞ்சம் கோபத்தோடும் கேட்கிறார்கள். நியாயம் என்பதே என் கருத்து.

கெர்ரி கால்பந்துக் கவுண்டி, கெய்லிக் கால்பந்தில் அதை மிஞ்ச ஆளில்லை. ஹர்லிங் அங்கே வடக்குப் பகுதியில் சில பங்குகளில் (கத்தோலிக்கக் கோயிலைச் சுற்றிய ஊர்ப் பிரிவுகளில்) மட்டும்தான் உயிரோடு இருக்கிறது: கில்மாய்லி, லிக்ஸ்னா, காஸ்வே, பாலிடஃப், இன்னும் சில. பாலிடஃபுக்கு ஒரு பழம்பெருமை உண்டு. கிளப்பே கவுண்டிக்காக ஆடிய அந்தக் காலத்தில், 1891-ஆம் ஆண்டின் அகில அயர்லாந்துப் பட்டத்தைக் கெர்ரிக்கு வாங்கித் தந்தது அந்த ஊர். ஹர்லிங்கில் கெர்ரி வென்ற ஒரே அகில அயர்லாந்து சீனியர் பட்டம் இன்றுவரை அதுதான். இந்தக் கிளப்புகளை வாட்டர்ஃபோர்டின் பாலிகனர் போன்ற மலைகளோடு மோதவிட்டால் ஒவ்வொரு ஆண்டும் முதல் ஆட்டத்திலேயே கதை முடிந்துவிடும். பாலிகனர் 2022-இல் அகில அயர்லாந்து சீனியர் பட்டமே வென்ற கிளப்.

இடைநிலையில் கெர்ரிக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. ஆனாலும் பட்டம் மடியில் வந்து விழவில்லை. 2021 பருவத்தில் கில்மாய்லி கார்க்கின் கோர்சி ரோவர்ஸை இறுதியாட்டத்தில் வீழ்த்தி, இந்தப் பட்டத்தை வென்ற முதல் கெர்ரி கிளப் ஆனது. கில்மாய்லி என்பது வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் ஒரு கிராமப் பகுதி. அந்த வெற்றி யாருடைய வாய்ப்பையும் பறித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மனத்தை உறுத்துவது வேறொன்று. கார்க்கின் இரண்டாம் படியான சீனியர் ஏ சாம்பியனுக்கு மாகாணப் போட்டி எதிலும் இடமில்லை. மேலே உள்ளவர் போகிறார், கீழே உள்ளவர் போகிறார், நடுவில் இருப்பவர் கவுண்டிக் கோப்பையோடு வீடு திரும்புகிறார். அதற்கு ஒரு வழி பிறக்க வேண்டும்.

போன ஆண்டு வென்ற அணி இந்த ஆண்டு பட்டியலிலேயே இல்லையே, ஏன்?

இந்தப் போட்டியை மற்றவற்றிலிருந்து பிரிக்கும் கேள்வி இது. இங்கே வர வேண்டுமானால் கவுண்டியின் இடைநிலைப் பட்டத்தை வென்றிருக்க வேண்டும். அதை வென்றாலோ அடுத்த ஆண்டு மேல்படிக்கு ஏற்றிவிடுவார்கள். எனவே மன்ஸ்டர் கோப்பையைத் தூக்கிய கிளப் அடுத்த ஆண்டு அதைக் காக்க வரவே முடியாது. கெர்ரிச் சாம்பியனுக்கு மேலே ஏற வேறு படி இல்லை என்பதால் அது மட்டும் விதிவிலக்கு.

இதை நடைமுறையில் யோசித்துப் பாருங்கள். ஐந்நூறு, அறுநூறு பேர் வாழும் ஒரு பங்கு. கவுண்டி இறுதியாட்டத்தில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை வென்றிருக்கிறது. இந்தக் கார்த்திகை மாதம்தான் அவர்களுக்கு மன்ஸ்டர். அடுத்த ஆண்டு மேல்படியில் தலைக்கு மேல் வெள்ளம். நிலைத்தால் அதிர்ஷ்டம், வழுக்கினால் மறுபடி கீழே, மறுபடி ஏற எத்தனை ஆண்டோ. ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை வரும் மாதம் இது. அதனால்தான் துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் டிக்கெட் போட்டு வருகிறார், அதனால்தான் கம்பம்தோறும் கொடி. சீனியர் போட்டியில் பெரிய கிளப்புகள் ஆண்டுதோறும் வந்துபோகும். இங்கே வரும் முகங்கள் ஒவ்வொரு ஆண்டும் புதியவை.

அப்படி மேலே போன கிளப்புகள் தாக்குப்பிடிக்கின்றனவா?

பல திணறுகின்றன. ஆனால் லென்ஸ்டர் மாகாணத்தில், கில்கெனி கவுண்டியின் தாமஸ்டவுனைப் பாருங்கள். 2024 ஜனவரியில் அகில அயர்லாந்து இடைநிலைப் பட்டம். அதே ஆண்டு மேல்படிக்கு ஏறி, ஏறிய கையோடு கில்கெனி சீனியர் பட்டத்தையும் வென்றது. அதற்கு முன் அவர்கள் அதை வென்றது 1946-இல்! அதே கவுண்டியின் பென்னட்ஸ்பிரிட்ஜ் 2015-இல் அகில அயர்லாந்து ஜூனியர் பட்டத்தையும் அடுத்த ஆண்டே இடைநிலைப் பட்டத்தையும் வென்றது. படிகள் வெறும் அலங்காரம் இல்லை என்பதற்கு இந்த இரண்டு ஊர்களே போதும்.

எத்தனை ஆட்டங்கள்? எப்போது?

மொத்தமே ஐந்து. ஆறு அணிகளில் நான்கு காலிறுதியில் மோதும், இரண்டு நேராக அரையிறுதிக்குப் போகும். தோற்றால் வெளியே. கவுண்டிப் போட்டிகள் முடிந்ததும் இலையுதிர்காலத்தின் கடைசியில் தொடங்கி, பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்துக்குள் முடிந்துவிடும்.

ஏன் இந்தக் குளிரில்?

கோடை முழுவதும் கவுண்டி அணிகளுக்கு, அதாவது ஒரு கவுண்டியின் கிளப்புகளிலிருந்து பொறுக்கியெடுத்த வீரர்கள் ஆடும் அணிகளுக்கு. இப்போதைய ஏற்பாட்டில் ஜூலைக்குள் அந்தப் போட்டிகள் முடிந்து, அதன்பின் வீரர்கள் கிளப்புக்குத் திரும்புகிறார்கள். முன்பெல்லாம் இரண்டும் பின்னிக் கிடக்கும். கவுண்டி வீரருக்காகக் கிளப் மாதக்கணக்கில் காத்திருந்தது. இப்போது நிலைமை எவ்வளவோ மேல்.

குளிர்கால ஹர்லிங் வேறு ஆட்டம் என்றே சொல்வேன். ஜூலையில் பந்து நூறு மீட்டர் பறக்கும். நவம்பர் கடைசியில் மைதானம் நாற்று நட உழுத வயல்போல் சொதசொதவென்று இருக்கும், ஸ்லிட்டர் ஈரம் குடித்துக் கனக்கும், எதிர்க்காற்றில் அடித்த பந்து நடுவானில் நின்று விழும். டாஸ் வென்ற கேப்டன் முதலில் காற்றோடு ஆடுவதா, எதிர்த்து ஆடுவதா என்று முடிவெடுப்பதிலேயே பாதி ஆட்டம் தீர்மானமாகிவிடும். முதல் பாதியில் ஏழு பாயின்ட் முன்னே இருந்தால் யாரும் மகிழ்ச்சியில் துள்ள மாட்டார்கள். “காற்றுக்கு இது போதுமா?” என்றுதான் கேட்பார்கள்.

சமநிலையில் முடிந்தால்?

கூடுதல் நேரம். அதிலும் முடிவு வராவிட்டால் பெனால்டி. பெனால்டியில் ஓர் ஆள் ஒரு கோல்கீப்பரை நேருக்கு நேர் எதிர்கொண்டு அடிப்பார். அறுபது நிமிடம் சேற்றில் புரண்ட ஆட்டத்தை இப்படி முடிப்பது எனக்கு உடன்பாடில்லை. மறு ஆட்டம் வைக்கும் பழைய வழக்கமே நல்லது. 2023 டிசம்பரில் சீனியர் அகில அயர்லாந்து அரையிறுதியே செயின்ட் தாமஸுக்கும் பாலிகனருக்கும் இடையில் பெனால்டியில்தான் தீர்ந்தது. தோற்றவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெரிய பெயர் பெற்ற வீரர்கள் இங்கே ஆடுவார்களா?

ஆடுவார்கள், ஏனென்றால் வீரர் ஊரைத் தேர்ந்தெடுப்பதில்லை. கவுண்டி அணியில் எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும், கிளப் என்று வந்தால் பிறந்து வளர்ந்த பங்குதான். அந்தப் பங்கு எந்தப் படியில் இருக்கிறதோ அந்தப் படியில் அவரும் ஆடுவார்.

கார்க்கின் முன்னாள் கோல்கீப்பர் ஆந்தனி நாஷ் நல்ல உதாரணம். எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் ஃப்ரீயை அடிக்கும்போது பந்தை முன்னே தூக்கிப் போட்டுப் பாய்ந்து அருகிலிருந்து அடிக்கும் அவர் பாணியால் 2014-இல் விதியையே திருத்தினார்கள். அவர் கன்டர்க் ஊர்க்காரர். 2018-இல் கன்டர்க் அகில அயர்லாந்து இடைநிலைப் பட்டம் வென்றபோது அந்த அணியில் அவரும் ஆடினார். கார்க் நடுக்களத்தின் டாரா ஃபிட்ஸ்கிப்பன் சார்ல்வில் கிளப்பிலிருந்து வந்தவர். அந்தக் கிளப்பும் 2018 பருவத்தில் மன்ஸ்டர் இடைநிலைச் சாம்பியன்.

என் மனத்தில் நிற்பது 2020 ஜனவரி. மன்ஸ்டர் சாம்பியனான கார்க்கின் ஃபாதர் ஓ’நீல்ஸ், டப்ளின் க்ரோக் பார்க்கில் கில்கெனியின் துல்லாரோனைச் சந்தித்தது. துல்லாரோனுக்கு ஆடியவர்களில் டாமி வால்ஷ் ஒருவர்: 2003 முதல் 2011 வரை தொடர்ந்து ஒன்பது ஆல்-ஸ்டார் விருது, 2009-இல் ஆண்டின் சிறந்த ஹர்லர். கவுண்டி அணியிலிருந்து ஓய்வு பெற்று ஆண்டுகள் கழித்து, ஊர்ப் பையன்களோடு இடைநிலையில் சேற்றில் நின்று பட்டம் வாங்கினார். எண்பதாயிரம் பேர் கொள்ளும் அந்த மைதானத்தில் அன்று பெரும்பகுதி காலி இருக்கைகள். அவருக்கு அது பொருட்டாகவே இல்லை.

சம்பளம் உண்டா?

இல்லை. உச்சநிலையிலும் இல்லை. ஆசிரியர், தச்சர், மாட்டுப்பண்ணைக்காரர், மாணவர் என எல்லோரும் வேலை முடிந்து இரவு விளக்கொளியில் பயிற்சிக்கு வருபவர்கள். கிளப் தன்னால் ஆன செலவைப் பார்த்துக்கொள்ளும். அந்தப் பணமும் ஊர் லாட்டரியிலும் நன்கொடையிலும் திரட்டியதுதான்.

வசதியான கிளப்புக்கு மாறிக்கொள்ளலாமே?

வீடு மாறினால் இடமாற்றம் கேட்கலாம், விதிகள் உண்டு. ஆனால் கோப்பைக்காக மாறுபவரை ஊர் மறக்காது. அப்பா ஆடிய சட்டையைத்தான் பிள்ளையும் போடுவான். ‘பங்கு’ என்று நான் எழுதுவது அதனால்தான். கத்தோலிக்கப் பங்கின் எல்லைதான் பல இடங்களில் கிளப்பின் எல்லையும். கோயில், பள்ளி, மைதானம் மூன்றும் ஒரே சாலையில் இருக்கும்.

மன்ஸ்டரை வென்றபின் என்ன?

அகில அயர்லாந்துச் சுற்று. இடைநிலைக்கான அந்தப் போட்டி 2004-05 பருவத்தில் தொடங்கியது. மாகாணச் சாம்பியன்கள் அரையிறுதியில் மோதுவார்கள், இறுதியாட்டம் பெரும்பாலும் ஜனவரியில் க்ரோக் பார்க்கில்.

மன்ஸ்டர் கிளப்புகளின் அண்மை வரலாறு பாதி இனிப்பு, பாதி கசப்பு. 2018 முதல் 2025 வரை நடந்த ஏழு இறுதியாட்டங்களிலும் மன்ஸ்டர் அணி இருந்தது (கொரோனாவால் ஒரு பருவம் நடக்கவில்லை). 2018-இல் கன்டர்க் வென்றது. சார்ல்வில் கால்வேயின் ஓரன்மோர்-மரீயிடமும், ஃபாதர் ஓ’நீல்ஸ் துல்லாரோனிடமும், கில்மாய்லி கில்டேரின் நேஸிடமும் தோற்றன. 2023-இல் லிமரிக்கின் மொனலீன், மாயோ கவுண்டியின் டூரீனை வென்றது. 2024-இல் காசில்லயன்ஸ் தாமஸ்டவுனிடம் வீழ்ந்தது. 2025-இல் கார்க்கின் வாட்டர்கிராஸ்ஹில், கால்வேயின் டைனா-அபி டுனைரியை வென்றது. ஏழில் மூன்று வெற்றி.

நேஸ், டூரீன் இரண்டையும் கவனித்தீர்களா? கில்மாய்லி போலவே அவையும் தங்கள் கவுண்டியில் முதல்நிலைச் சாம்பியன்கள். ஹர்லிங் வலுவாக இல்லாத கவுண்டிகளுக்கு இந்தப் போட்டி எவ்வளவு பெரிய வாசல் என்று அவற்றைப் பார்த்தால் தெரியும். இன்னும் வியப்பான ஒன்று: 2007-இல் இந்தப் பட்டத்தை வென்றது லண்டனின் ராபர்ட் எம்மெட்ஸ் கிளப். பிழைப்புக்காகக் கடல்கடந்தவர்களின் அணி அகில அயர்லாந்துக் கோப்பை தூக்கியது! அயல்மண்ணில் வாழும் நமக்கு அதன் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மட்டைக்கு மரம் தட்டுப்பாடு என்கிறார்களே?

உண்மைதான். ஆஷ் மரத்தை வாடச் செய்யும் ஒரு பூஞ்சை நோய் 2012-இல் அயர்லாந்தில் கண்டறியப்பட்டது, அதன்பின் நாடெங்கும் பரவிவிட்டது. மரத்தின் அடிப்பகுதி வேரை நோக்கி வளையும் இடத்திலிருந்து அறுத்தால்தான் மட்டையின் வளைவும் மரத்தின் வரியும் ஒத்துப்போகும். எந்தக் கட்டையும் உதவாது. வெளிநாட்டு மரத்தை நம்பியிருப்பவர்கள் பலர். கிளேர் கவுண்டியில் மூங்கிலில் மட்டை செய்கிறார்கள், நல்ல வரவேற்பும் இருக்கிறது. பழையவர்களுக்கு ஆஷ் மட்டை பந்தைத் தொடும் ஓசைதான் ஹர்லிங். அந்த ஓசை மாறுவதை அவர்கள் மனம் ஏற்கச் சிறிது காலம் ஆகும்.

ஆபத்தான ஆட்டமா? பிள்ளையைச் சேர்க்கலாமா?

பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் 2010 முதல் முகக்கம்பியோடு கூடிய ஹெல்மெட் எல்லோருக்கும் கட்டாயம். விரல் நசுங்கும், முழங்காலில் அடிபடும், இல்லையென்று சொல்ல மாட்டேன். சிறு பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் பெரும்பாலும் விளையாட்டாகத்தான் சொல்லித் தருவார்கள். உங்கள் ஊர்க் கிளப்புக்குச் சனிக்கிழமை காலை கூட்டிப்போங்கள், மட்டையும் ஹெல்மெட்டும் பெரும்பாலும் அங்கேயே இரவல் கிடைக்கும். பெண்கள் ஆடும் வடிவத்துக்குக் கமோகி என்று பெயர், விதிகள் ஏறக்குறைய ஒன்றே.

தொலைக்காட்சியில் வருமா?

டிஜி4 என்ற ஐரிஷ் மொழி அலைவரிசை கிளப் ஆட்டங்களை வாரயிறுதியில் காட்டும். வர்ணனை ஐரிஷ் மொழியில். ஒரு சொல்லும் புரியாமல் பார்க்கத் தொடங்கியவர்களுக்கும் எண்கள் விரைவில் காதில் ஏறிவிடும்.

முதல் தடவை நேரில் போகிறேன். என்ன செய்ய வேண்டும்?

டிக்கெட்டை முன்கூட்டி இணையத்தில் வாங்குங்கள், வாசலில் பணம் வாங்குவது அரிதாகிவிட்டது. கம்பளிக் குல்லாய், மழைக்கோட்டு, பிளாஸ்கில் சூடாக டீ. ஒரு மணி நேரம் முன்னே போய் நிகழ்ச்சித்தாள் ஒன்று வாங்குங்கள். எண்ணைப் பார்த்து ஆளை அடையாளம் காணலாம்: 1 கோல்கீப்பர், 6 நடுத் தடுப்பாளர், 8-உம் 9-உம் நடுக்களம், 14 முன்னணியின் முனை. கோலுக்குப் பின்னால் நிற்காதீர்கள், பந்து எப்போது வருமென்று தெரியாது. பெயர் ஒலிப்பு நாக்கில் சுலபமாக வரும் அணிக்கு ஆதரவு கொடுங்கள், அது போதும் தொடங்க.

ஆட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். கூட்டம் களத்துக்குள் இறங்கும். வென்ற கேப்டன் பேச்சை ஐரிஷில் தொடங்கி, பயிற்சியாளர், சட்டை துவைத்தவர், காலமான பெரியவர் என ஒவ்வொருவராகப் பெயர் சொல்வார். முடிந்தால் வென்ற ஊருக்கு இரவு அவர்கள் பின்னாலேயே காரில் போங்கள். ஊர் எல்லைக் கூட்டுச்சாலையில் தீ மூட்டியிருப்பார்கள், நம் கார்த்திகைச் சொக்கப்பனை போலவே. அணியின் பேருந்து அங்கே நிற்கும், பையன்கள் இறங்கி அந்தத் தீயைக் கடந்து ஊருக்குள் நடந்து வருவார்கள்.